வலைப்பதிவில் நமக்கென்று ஒரு குரல் எப்படி வரும்?

கேள்வி கேட்டவர் பயணப் பதிவுகள் எழுதுகிறார். தகவல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்க வருபவர்கள் வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறார்கள் என்கிறார். "உங்கள் குரலில் எழுதுங்கள்" என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்களாம். அது எங்கே கிடைக்கும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லையாம். வாசகர்களோடு ஒட்டுவது எப்படி என்றும் கேட்கிறார்.

நியாயமான எரிச்சல்தான். "பேசுவது போல எழுதுங்கள்" என்பதும் அதே அறிவுரைதான், வேறு சட்டை. அதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பேசும்போது கையும் முகமும் சேர்ந்து பேசுகின்றன. பேச்சை அப்படியே எழுத்தில் இறக்கினால் 'வந்து', 'பாத்தீங்கன்னா' எல்லாம் மிஞ்சும், ஆளைக் காணோம்.

வட்டார வழக்கில் எழுதினால் குரல் வந்துவிடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்த இரண்டு எழுத்தாளர்களைப் பாருங்கள்: கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி. ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வயது, சிறுவயது நண்பர்கள். கி.ரா. அந்தக் கரிசல் மண்ணின் பேச்சைக் கதை சொல்பவரின் வாயிலேயே வைத்தார். அந்த வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அழகிரிசாமி கதை சொன்னது பெரும்பாலும் சாதாரண எழுத்துத் தமிழில், சத்தமே போடாமல். ஆனாலும் பெயரை மறைத்து ஒரு பக்கத்தைக் கொடுத்தால், படித்துப் பழகியவர் இருவரையும் சொல்லிவிடுவார். அழகிரிசாமி விஷயத்தில் காட்டிக்கொடுப்பது அவர் கண் எங்கே போய் நிற்கிறது என்பதுதான். ஏழை வீட்டுக் குழந்தைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில், பெரியவர்கள் பொருட்படுத்தாத ஒரு சின்ன ஆசையில் போய் நிற்கும்.

உங்கள் பயணப் பதிவுக்கே வருகிறேன். செங்கோட்டை – கொல்லம் ரயில் பாதையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1904இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் பாதை, அகலப் பாதையாக மாறி 2018இல் முழுவதும் திறந்தது, தென்மலை பக்கம் பதிமூன்று கண் பாலம், நடுவே குகைகள். தேடினால் யாருக்கும் கிடைக்கும் தகவல் இது. போடுங்கள், ஆனால் இரண்டு வரியில் முடியுங்கள். நான் எழுதினால், வண்டி குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஓவென்று கத்துவதையும், அவர்களை அதட்டிய பெரியவர் அடுத்த குகைக்குத் தானே ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவதையும் எழுதுவேன். பாலம் வந்ததும் பெட்டியில் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஒரு பக்கம் சாய, எதிர்ப்பக்கம் வாயைப் பிளந்து தூங்கும் தினசரிப் பயணியை விடமாட்டேன். நீங்கள் ரயில் பைத்தியமாக இருந்தால் உங்கள் கண் மலை ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் இன்ஜினுக்குப் போகும். போகட்டும், தடுக்காதீர்கள். அதைத்தான் வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

அதோடு 'இயற்கை எழில் கொஞ்சும்', 'கண்கொள்ளாக் காட்சி' இரண்டையும் எடுத்துவிடுங்கள். சுற்றுலாத் துண்டறிக்கையில் வர வேண்டியவை. 'காணப்படுகிறது', 'கருதப்படுகிறது' வந்தால் யார் கண்டது, யார் கருதியது என்று உங்களையே கேளுங்கள். பதில் 'நான்தான்' என்றால் அப்படியே எழுதிவிடலாம். அதற்காக எந்த ஓட்டலில் என்ன சாப்பிட்டோம் என்பதையெல்லாம் அடுக்க வேண்டாம். 'நான்' அதிகமானால் குரல் வராது, டைரிதான் வரும். விருப்பு வெறுப்பு தெரிந்தால் போதும். பாலத்தைவிட ஆரியங்காவு ஸ்டேஷன்தான் பிடித்தது என்றால் தயங்காமல் சொல்லி, காரணத்தையும் சொல்லுங்கள். மறுத்துப் பேசவாவது ஒருவர் வருவார்.

வாசகர்களோடு ஒட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'அன்பார்ந்த வாசகர்களே' என்று கூட்டத்தைப் பார்த்து எழுதாமல், தெரிந்த ஒரே ஓர் ஆளுக்கு எழுதிப் பாருங்கள். எனக்கு அது என் அத்தை மகன். எதைச் சொன்னாலும், "சரி, அதுக்கென்ன இப்போ?" என்பான். அவன் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்தால் பாதி முன்னுரை தானாக உதிர்ந்துவிடும். அவனுக்குத் தெரிந்ததை விளக்கமாட்டேன், தெரியாததைத் தாண்டிப் போகமாட்டேன். எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். சொல்ல உங்களுக்கே கூச்சமாக இருக்கும் வரிகள் அநேகமாக எங்கிருந்தோ தொற்றியவை.

அப்புறம் பின்னூட்டம். 'உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்' என்று முடித்தால் 'அருமை', 'சூப்பர்' இரண்டும்தான் வரும். பதில் சொல்லத் தோதான கேள்வியாகக் கேளுங்கள்: மீட்டர் கேஜ் காலத்தில் இந்தப் பாதையில் போயிருக்கிறீர்களா, அப்போது வண்டியில் என்ன விற்றுக்கொண்டு வருவார்கள்? தென்காசிக்காரர் ஒருவர் வந்து பதிவைவிட நீளமாக எழுதுவார். நீங்கள் எழுதியதில் தப்பு இருந்தால் அதையும் சொல்வார். திருத்திவிட்டு, யார் சொல்லித் திருத்தினீர்கள் என்பதைப் பதிவிலேயே போடுங்கள். அடுத்த பதிவுக்கும் அவர் வருவார்.