வேப்பேரியின் பெப்ரீஷியஸ்: கேள்வி பதில்

வேப்பேரி, புரசைவாக்கம், இராயபுரம் வட்டாரத்து நண்பர்கள் யோகான் பிலிப் பெப்ரீஷியஸின் வாழ்க்கையைப் பற்றித் தொடர்ந்து கேட்டுவந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். வேப்பேரியில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சுக் கோர்த்தும் புரூப் திருத்தியும் வாழ்ந்தவன். அந்தத் தொழிலே என்னை இவரிடம் அழைத்துச் சென்றது.

புரசைவாக்கம், பள்ளி மாணவர்: எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூடமே இவர் பெயரில் இருக்கிறது. இவர் யார், ஐயா? தமிழ்ப் பேராசிரியரா?

தம்பி, பேராசிரியர் என்ற பதவி அவருக்கு இருந்ததில்லை. அவர் காலத்துச் சென்னையில் கல்லூரியும் இல்லை, தமிழுக்கென்று ஒரு பேராசிரியர் பணியிடமும் இல்லை. 1711ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்து, முதலில் சட்டமும் பின்பு ஹாலே நகரில் இறையியலும் படித்து, லுத்தரன் மிஷனரியாக 1740இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1742ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் 1791இல் இறக்கும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆங்கிலேயர்கள் தமிழ் கற்பதற்கென்று 1778இல் ஓர் இலக்கணமும், 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியும், 1786இல் ஆங்கிலம்–தமிழ் அகராதியும் வேப்பேரி அச்சகத்திலிருந்து வெளியிட்டவரைப் பேராசிரியர் என்று நீ அழைத்தால் நான் மறுக்கமாட்டேன்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற இராணுவ வீரர்: போர்களைக் கண்டவர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் ஆயுதம் ஏந்தினாரா? எந்தப் போர்கள் அவை?

ஆயுதம் ஏந்தவில்லை, ஐயா. ஆனால் தாம் வாழ்ந்த ஊரைப் போர் எத்தனை முறை மிதித்துச் செல்ல முடியுமோ அத்தனை முறையும் அங்கே இருந்தவர் அவர். சென்னைக்கு வந்து நான்கு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையின் ஆங்கிலேயக் கோட்டையான புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். பெப்ரீஷியஸ் டச்சுக்காரர்களின் கையில் இருந்த பழவேற்காட்டுக்குச் சென்று தங்கினார். ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது, அவரும் திரும்பினார்.

அடுத்தது 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தொடங்கிய முற்றுகை. கருப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனும் அதன் சுற்றுப்புறமும், பிரெஞ்சுப் படையின் கைக்குப் போனது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து முற்றுகை விலகும்வரை கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு மதிலும் பீரங்கியும் காவல் இருந்தன. கோட்டைக்கு வெளியே இருந்த வேப்பேரிக்கு எந்தக் காவலும் இல்லை. மிஷன் வளாகம் கொள்ளை போனது. பெப்ரீஷியஸ் மறுபடியும் பழவேற்காட்டை நோக்கி நடந்தார். பின்பு ஹைதர் அலியின் குதிரைப்படை 1769இல் சென்னையின் வாசல்வரை வந்தது. 1780இல் நடந்த படையெடுப்பில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் அழிந்து, ஊரை விட்டு ஓடிவந்த மக்களால் நகரம் நிரம்பி, அதைத் தொடர்ந்து பஞ்சமும் வந்தது. அப்போது அவருக்கு எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. படைவீரரான தங்களுக்கு இது விளங்கும்: போரில் சண்டையிடுகிறவனுக்கு உத்தரவு என்று ஒன்று இருக்கிறது, அதன் நடுவே குடியிருப்பவனுக்கு அதுவும் இல்லை.

எண்ணூர், மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்: பழவேற்காட்டில் அவர் நினைவாக ஏதாவது இருக்கிறதா?

அங்கே டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன, டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டையின் தடயங்கள் இருக்கின்றன. அவரைத் தேட வேண்டிய இடம் வேப்பேரிதான்.

வேப்பேரி, ஆலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த அம்மையார்: புனித மத்தியா ஆலயத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அம்மா. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிய அதே மனிதர், வேப்பேரியில் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயத்தையும் கட்டியிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, கத்தோலிக்கர்கள் எதிரிக்கு உதவினார்கள் என்று ஐயுற்ற ஆங்கிலேய அரசு அந்த ஆலயத்தைப் பறித்து பெப்ரீஷியஸின் மிஷனிடம் கொடுத்தது. இன்றைய மத்தியா ஆலயம் அந்த இடத்தில் பின்னாளில் எழுந்தது. உஸ்கானின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் பக்தியோடு கட்டியதை மற்றொருவருக்கு அரசு எடுத்துக் கொடுத்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெப்ரீஷியஸை எவ்வளவு மதித்தாலும் இதை மறைத்து எழுதக்கூடாது என்று நினைக்கிறேன்.

தங்கள் குழு பாடும் ஞானப்பாட்டுகளில் பல அவர் ஜெர்மன் மொழியிலிருந்து தமிழாக்கியவை. முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை அவர் தமிழில் தந்தார்.

சூளை, அச்சகத் தொழிலாளி: அந்த அச்சு இயந்திரம் பாண்டிச்சேரியிலிருந்து வந்தது என்பது உண்மையா, அண்ணே?

உண்மைதான். 1761இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரமும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அரசாங்கத்திடம் அச்சுத் தெரிந்தவர்கள் இல்லை. ஆகவே கும்பெனி (கிழக்கிந்தியக் கம்பெனி) வேலையை முதலில் அடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது பெப்ரீஷியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. தம்மை இருமுறை துரத்திய பிரெஞ்சுக்காரர்களின் இயந்திரத்தில் அவர் வேதாகமம் அச்சடிக்கத் தொடங்கினார்.

கையால் கோர்த்த உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழுக்கு உயிர்மெய்களோடு சேர்த்து எழுத்துப் பெட்டியில் ஏராளமான அறைகள் வேண்டும். ஒவ்வோர் ஈய எழுத்தையும் எடுத்து, இடக்கையில் பிடித்த ஸ்டிக் என்னும் கோர்ப்புச் சட்டத்தில் தலைகீழாக அடுக்கி, வரி நிறைந்ததும் கேலி (galley) என்னும் தட்டில் இறக்க வேண்டும். ஈயம் குறைவாக இருக்கும் அச்சகத்தில் முழுப் புத்தகத்தையும் கோர்த்து வைக்க முடியாது. சில பக்கங்களை அடித்தவுடன் எழுத்துகளைப் பிரித்து மீண்டும் பெட்டியில் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து கிடைக்கும். பிரித்துவிட்ட பக்கத்தில் ஒரு பிழை தெரிந்தால் அதற்குப் பிழைதிருத்தம் போடுவதைத் தவிர வழியில்லை. ஆகவே ஈயத்துக்குப் போகும் முன்பே வாக்கியம் தீர்ந்திருக்க வேண்டும். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாகி வெளிவந்தது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறியதைக் காண அவர் உயிரோடு இல்லை.

இராயபுரம், தமிழாசிரியை: சீகன்பால்கு ஏற்கெனவே மொழிபெயர்த்திருந்தாரே, மறுபடியும் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

தரங்கம்பாடிக்கு முதலில் வந்த லுத்தரன் மிஷனரியான சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1710களிலேயே அங்கே அச்சானது. அது முதல் முயற்சி. தமிழ் ஓட்டம் பல இடங்களில் தடுக்கியது. கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர் தமது ‘வேத விளக்கம்’ என்ற நூலில் லுத்தரன்களின் தமிழை எள்ளி எழுதினார். அந்தக் குறையை மறுத்துப் பேசுவதை விட, உட்கார்ந்து மீண்டும் மொழிபெயர்ப்பதே சரியான பதில் என்று பெப்ரீஷியஸ் கருதினார் என்றே அவருடைய உழைப்பைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. இறைவனைக் குறிக்கச் சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். பெப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றார். பின்வந்தோர் ‘தேவன்’ என்றார்கள். இக்காலத்தவர் ‘கடவுள்’ என்கிறார்கள். வகுப்பில் இந்த நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே ஒரு மணி நேரப் பாடம் நடத்தலாம். லுத்தரன் சபையார் அவருடைய மொழிபெயர்ப்பைப் ‘பொன் மொழிபெயர்ப்பு’ என்று போற்றி, வேறு திருத்தங்கள் வந்த பிறகும் நெடுங்காலம் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

கொண்டித்தோப்பு, வாசகர்: அவர் சிறை சென்றார் என்று கேள்விப்பட்டேன். பழி சுமத்தப்பட்டாரா?

கடனுக்காகச் சிறை சென்றார். மிஷன் பணத்தையும் மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுக்க இடமளித்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. ஆர்க்காட்டு நவாபின் கடன்களால் சென்னையே தள்ளாடிய காலம் அது. அவர் தமக்கென்று எதுவும் சேர்க்கவில்லை. ஆனாலும் இதை வெறும் பழி என்று தள்ளிவிட முடியாது. பிறர் பணத்தில் அவர் கவனக்குறைவாக இருந்தார், ஏழைகளும் அதில் இழந்தார்கள். 1788இல் கெரிக்கே என்ற மிஷனரி வந்து வேப்பேரிப் பொறுப்பை ஏற்றார்.

திருவொற்றியூர், மொழிபெயர்ப்பாளர்: அவருடைய அகராதி இன்றைக்கு எனக்குப் பயன்படுமா?

நிச்சயம் பயன்படும், அம்மா. 1779ஆம் ஆண்டுப் பதிப்பு, பிரைட்ஹாப்ட் என்ற உடன்பணியாளரோடு சேர்ந்து, ஏறத்தாழ 9,000 சொற்களைத் தந்தது. அன்றைய ஐரோப்பியர் வழக்கப்படி தமிழை ‘மலபார்’ என்றே அதன் தலைப்பு குறித்தது. இலக்கண நூலின் தலைப்பிலோ அவர், ‘மலபார்’ எனப்படும் இம்மொழியின் முறையான பெயர் தமிழ் என்பதையும் சேர்த்தே அச்சிட்டார். பிற்காலத்தில் தரங்கம்பாடியில் விரிவாக்கப்பட்ட பதிப்புகள் வந்தன. 1972ஆம் ஆண்டுப் பதிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறார்கள்.

அதைத் திறந்து ‘கை’ என்ற சொல்லைப் பாருங்கள். உடலுறுப்பு என்று சொல்லி நின்றுவிடாமல், கைவிட, கைகூட என்று அந்தச் சொல் மற்றொன்றோடு சேர்ந்து பொருள் மாறும் இடங்களைத் தலைச்சொல்லின் கீழேயே அடுக்கித் தந்திருப்பார்கள். வீரமாமுனிவரின் சதுரகராதி போன்ற அகராதிகள் புலவர்களின் சொற்களைத் திரட்டின. இந்த அகராதி மனிதர்கள் வாயிலிருந்து வந்த சொற்களுக்கு இடம் தந்தது. சந்தைக்கும் சபைக்கும் வந்து போனவர்களின் பேச்சை அரை நூற்றாண்டு காதில் வாங்கியவரால்தான் அந்த அடித்தளத்தை இட முடியும். தாங்கள் 18ஆம், 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது முதலில் இதைப் பாருங்கள், பிறகு வின்ஸ்லோவின் 1862ஆம் ஆண்டு அகராதியை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் தங்கள் ஆவணத்தின் ஆண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.