பழைய ஆசிரியர் சான்றிதழில் சிஜிபிஏ தேடலாமா?

கேள்வி: மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டப் பள்ளியாகத் தொடங்கி, பிறகு பட்டணத்து ஓரத்துக்கு இடம் மாறிய ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நினைவு மலர் தயாரிக்கிறோம். அங்குப் பணியாற்றிய ஆசிரியர்கள் எல்லாரையும் ஒரே அட்டவணையில் போட விரும்புகிறோம். அதில் ‘கல்லூரித் தரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய நார்மல் வகுப்புச் (பகுதிநேர ஆசிரியர் பயிற்சி வகுப்பு) சான்றிதழ் ஒன்று, 1976ஆம் ஆண்டுக் கல்லூரிச் சான்றிதழ் ஒன்று, 1999ஆம் ஆண்டு டிப்ளோமா ஒன்று, 2015ஆம் ஆண்டுப் பட்டம் ஒன்று ஆகியவை கையில் உள்ளன. பட்டத்தில் பிஎன்ஜிகே (சிஜிபிஏ, அதாவது ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 3.58 என்று இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சான்றிதழிலோ ‘லூலூஸ்’ (தேர்ச்சி), ‘கெபூஜியான்’ (பாராட்டுத் தேர்ச்சி) என்ற மலாய்ச் சொற்கள் மட்டுமே உள்ளன. கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ‘லூலூஸ்’ என்றால் 2.00, ‘கெபூஜியான்’ என்றால் 3.00 என்று வைத்து எல்லாவற்றையும் 4.00 அளவுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். அப்படிச் செய்யலாமா? பழைய புள்ளிப் பட்டியலை எங்கே தேடுவது?

பதில்: ஐயா, மாற்ற வேண்டாம். மலர் வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் கணினியோடு வந்து உட்காரும் பிள்ளையை வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் ‘லூலூஸ்’ என்று மட்டும் எழுதியுள்ள சான்றிதழுக்கு 2.00 என்று அச்சிட்டால், நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுகிறீர்கள். அந்த ஆசிரியருக்கு அப்படி ஓர் எண்ணை யாரும் கொடுக்கவில்லை.

பிஎன்ஜிகே எப்படி வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் மணிநேரம் உண்டு; வாங்கிய தரத்துக்கு ஒரு மதிப்பும் உண்டு. 3 கிரெடிட் பாடத்தில் 4.00, 2 கிரெடிட் பாடத்தில் 3.00 என்றால், 12ஐயும் 6ஐயும் கூட்டி 5ஆல் வகுக்க 3.60 வரும். எல்லாப் பருவங்களையும் இப்படிச் சேர்த்துக் கணக்கிடுவதுதான் பிஎன்ஜிகே. பழைய சான்றிதழில் கிரெடிட்டும் இல்லை, தர மதிப்பும் இல்லை. கூட்டவும் வகுக்கவும் எதுவுமில்லாத இடத்தில் விடை மட்டும் எங்கிருந்து வரும்?

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பழைய பயிற்சி முறை கேட்ட கேள்வியே வேறு. இவர் மற்றவரைவிட எவ்வளவு மேல் என்று அது கேட்கவில்லை. இவரை நம்பி ஒரு வகுப்பை ஒப்படைக்கலாமா என்று கேட்டது. அதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளே போதுமானவை. மிகச் சிறப்பாகச் செய்தவருக்குக் கூடுதலாக ஒரு பாராட்டுச் சொல் கிடைத்தது.

இந்தப் பழக்கம் பிரிட்டனிலிருந்து வந்தது. 1846இல் கே-ஷட்டில்வொர்த் என்ற கல்வி அதிகாரி அங்கு வகுத்த ஏற்பாட்டில், பயிற்சிக் கல்லூரித் தேர்வில் தேறியவர்களுக்கு வகுப்புவாரியாகச் சான்றிதழ் கொடுத்து, அதற்கேற்ப அரசு பணம் கூட்டித் தந்தது. ஆசிரியர் பள்ளியில் நின்று கற்பிப்பதைப் பார்த்து இன்ஸ்பெக்டர் எழுதும் அறிக்கைக்கும் அதில் பெரிய இடம் இருந்தது. மலாயாவுக்கு வந்து சேர்ந்ததும் இந்த எண்ணம்தான். கல்லூரித் தாளில் இருப்பது பாதி. மீதி வகுப்பறையில் தெரியும்.

நம் தமிழாசிரியர்களுக்கு அந்தக் கல்லூரியே கிடைக்கவில்லை என்பதை உங்கள் மலர் அழுத்திச் சொல்ல வேண்டும். மலாய் ஆசிரியர்களுக்காக 1922இல், உங்கள் பேரா மாநிலத்திலேயே, தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அப்படித் தங்கிப் படிக்கும் கல்லூரி போருக்கு முன் அமையவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வைத்தார்கள், வாத்தியாருக்கு எங்கே போவது? கங்காணி, கிராணி, எழுதப் படிக்கத் தெரிந்த பால்மரத் தொழிலாளி என்று கையில் கிடைத்தவரே வாத்தியார் ஆனார். பின்னாளில் வந்த நார்மல் வகுப்பில் சேர்ந்தவர்கள், வாரநாள்களில் தோட்டத்துப் பள்ளியில் கற்பித்துவிட்டு ஓய்வு நாளில் பட்டணத்துக்குப் போய்ப் படித்தவர்கள். அவர்களில் பலருடைய கல்வித்தகுதி தமிழ் ஏழாம் வகுப்பு. பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே கொட்டகையில் உட்கார வைத்துப் பாடம் சொன்னவர்களும் இவர்கள்தாம்.

இப்படி ஒருவர் பெற்ற ‘தேர்ச்சி’க்கு நேராக 2.00 என்றும், முழுநேர மாணவராக விடுதியில் தங்கிப் படித்தவருக்கு நேராக 3.58 என்றும் அச்சிட்டால், மலரைப் புரட்டும் பேரப்பிள்ளை என்ன நினைக்கும்? தன் தாத்தா தட்டுத்தடுமாறித் தேறியவர் என்றுதான் நினைக்கும். அந்த அநியாயத்தை நாமே நம் பணத்தில் அச்சடிக்கக் கூடாது.

பழைய தாள்களைப் படிக்கும்போது வேறு சில இடங்களிலும் கவனம் வேண்டும். தமிழகத்திலிருந்து பயிற்சி பெற்று வந்த ஆசிரியர்களின் சான்றிதழில் ‘ஹையர் கிரேடு’, ‘லோயர் கிரேடு’ என்று இருக்கலாம். அவை மதராஸ் மாகாணத்தில் ஆசிரியரின் தகுதி நிலையைக் குறித்தவை. எந்த நிலை வகுப்புகளுக்குக் கற்பிக்கத் தகுதி என்று சொல்பவை, புள்ளியோடு சம்பந்தமில்லை. ‘லோயர்’ என்பதைப் பார்த்து ‘குறைந்த புள்ளி’ என்று எழுதிவிடாதீர்கள்.

எம்சிஇ (அக்கால மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு) முடிவுத்தாளில் ஆபத்து இன்னும் பெரிது. அங்கே 1தான் உச்சம், 9 தோல்வி. 1, 2 சிறப்புத் தேர்ச்சி. 3 முதல் 6 வரை கிரெடிட். 7, 8 சாதாரணத் தேர்ச்சி. சிஜிபிஏவில் பெரிய எண் நல்லது, எம்சிஇயில் சிறிய எண் நல்லது. இன்றைய கண்ணுக்கு, ஒரு பாடத்துக்கு எதிரே உள்ள 2 என்ற எண் சுமாராகத் தெரியும்; அந்தக் காலத்தில் அதை வாங்கிய பிள்ளையை ஊரே பாராட்டியது. கல்லூரியில் சேர்வதற்கு முந்திய இந்தத் தாளையும் கல்லூரிச் சான்றிதழையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனி உறையில் வையுங்கள்.

சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியக் கல்விக் கொள்கைக்கு அடித்தளமிட்ட 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் பயிற்சியும் ஒரே கூரைக்குள் வரத் தொடங்கியது. 1973இல் தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி ஒருங்கிணைக்கப்பட்டது. காலம் இரண்டு ஆண்டு. உங்கள் 1976ஆம் ஆண்டுச் சான்றிதழ் இந்தக் காலத்தது. 1981இல் பயிற்சி மூன்றாண்டாக நீண்டது. 1996இல் சான்றிதழுக்குப் பதிலாக டிப்ளோமா வந்தது. 2007 முதல் இளங்கலைப் பட்டப் படிப்பு. கல்லூரிகளே பெயர் மாறி, இன்று ஆசிரியர் கல்விக் கழகத்தின் 27 வளாகங்களாக இருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் பாடம், காலம், மதிப்பிடும் முறை எல்லாமே மாறின.

ஆனால் ஒன்று மட்டும் விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. அது பயிற்றுப்பணி, அதாவது பயிற்சி ஆசிரியர் பள்ளியில் நேரடியாகக் கற்பித்துப் பழகுவது. பயிற்சிக் கல்லூரியில் பல ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தவன் என்ற முறையில், ஓர் ஆசிரியரைப் பற்றி உண்மையான தகவல் கிடைக்கும் இடம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். கோட்பாட்டுத் தாளில் எவ்வளவு உயர்ந்த தரம் வாங்கினாலும் பயிற்றுப்பணியில் தேறாவிட்டால் ஆசிரியராக முடியாது. விரிவுரையாளர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நாள் பாடத்திட்டம் ஒழுங்காக இருக்கிறதா, பயிற்றுத் துணைப்பொருள் பாடத்துக்கு உதவுகிறதா, கரும்பலகையில் எழுத்து நேராக நிற்கிறதா, பின்தங்கிய பிள்ளையின் பக்கம் ஆசிரியரின் கண் போகிறதா என்று பார்த்து, பாடம் முடிந்ததும் கைப்பட எழுதிக் கொடுப்பார். பள்ளியில் இருக்கும் வழிகாட்டி ஆசிரியரும் எழுதுவார். இன்றைய பட்டப் படிப்பில் பயிற்றுப்பணி மூன்று கட்டங்களாக நடக்கிறது. சிந்தனை மீட்சி (தன் பாடத்தைத் தானே திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பு) எழுதுவதும் சேர்ந்திருக்கிறது. இருந்தாலும் பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கும் அந்த முறை அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் குறிப்புத்தாள் ஒன்று கிடைத்தால் நூறு சிஜிபிஏவுக்குச் சமம். ‘குரல் பின்வரிசை வரை எட்டுகிறது, கேள்விகளை முன்வரிசைக்கே கேட்கிறார்’ என்ற இரண்டு வரி, இருபது வயதில் அந்த ஆசிரியர் எப்படி நின்றார் என்பதைக் காட்டிவிடும். அட்டவணைக்குப் பக்கத்தில் அதன் படத்தைப் போடுங்கள்.

எண் என்றால் துல்லியம் என்று அந்தத் தம்பி வாதிடக்கூடும். அவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். ஆசிரியைகளை உருவாக்கும் நோக்கத்தோடு 1837இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி, 1897இல் எழுத்துத் தர முறையைக் கொண்டுவந்தது. அங்கே 95 புள்ளியோ அதற்கு மேலோ வாங்கினால்தான் ஏ. 75க்குக் கீழே போனால் தோல்வி. நம் பள்ளிகளில் 75 வாங்கிய பிள்ளையை நாம் எப்படிப் பார்க்கிறோம்? ஒரே எழுத்து, வேறு வேறு அளவுகோல். 1913இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே மாணவரின் வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒருவர் 28 போட்டார். இன்னொருவர் 90க்கு மேல் போட்டார். கணிதத் தாளுக்கே இந்த நிலை. ஆகவே 1999ஆம் ஆண்டு டிப்ளோமாவின் எழுத்துத் தரத்தையும் 2015ஆம் ஆண்டின் 3.58ஐயும்கூட ஒன்றுக்கு நேர் ஒன்றாக நிறுத்தி யார் மேல் என்று பார்க்கக் கூடாது. பாடத்திட்டம் வேறு, திருத்தியவர்கள் வேறு.

அப்படியானால் அட்டவணையில் என்ன போடுவது? ‘கல்லூரித் தரம்’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். ‘பயிற்சி’ என்று ஒரு கட்டம் வைத்து, பயிற்சியின் பெயர், நடந்த இடம், எத்தனை ஆண்டு, முடித்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். சான்றிதழில் உள்ள சொல்லை உள்ளபடியே போடுங்கள்: ‘லூலூஸ்’ என்றால் ‘லூலூஸ்’தான். அட்டவணைக்குக் கீழே நான் மேலே சொன்ன கால மாற்றங்களை நாலைந்து வரியில் விளக்கினால் வாசகருக்குக் குழப்பம் இராது. பயிற்சியே கிடைக்காமல் கற்பித்தவர்களின் கட்டத்தைக் கோடிட்டு வெறுமையாக விடாதீர்கள். ‘பயிற்சி வாய்ப்புக் கிடைக்கும் முன்னரே கற்பித்தவர்’ என்று எழுதுங்கள், அதுதான் உண்மை.

அடுத்து, தேடும் இடங்கள். முதலில் குடும்பத்தாரிடம் அரசாங்கச் சேவைப் பதிவேட்டின் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தத் தகுதியில் நியமனம், எந்த நாளில் பணி உறுதி என்ற விவரம் அதில் இருக்கும். ஓய்வூதியக் கோப்பிலும் சான்றிதழ் நகல் கிடைக்கலாம். பிறகு, அவர் படித்த கல்லூரி இன்று எந்த வளாகமாக இருக்கிறது என்று கண்டறிந்து அங்கே எழுதிக் கேளுங்கள். பெயர் மாற்றத்தால் தடம் தவறும். தஞ்சோங் மாலிம் கல்லூரியே 1987இல் கழகமாகி, 1997இல் பல்கலைக்கழகமும் ஆகிவிட்டது. பிறந்த தேதி, அடையாள அட்டை எண், படித்த ஆண்டு, சான்றிதழ் எண் ஆகியவற்றோடு வாரிசின் கடிதத்தையும் இணைத்தால் அலுவலர் தேடுவது எளிது. தேர்வு வாரியத்திடமும் தேசிய ஆவணக் காப்பகத்திடமும் கேட்டுப் பார்ப்பது நல்லது. பள்ளியின் லாக் புத்தகத்தை (பள்ளி நிகழ்வுப் பதிவேடு) மறந்துவிட வேண்டாம். இன்ஸ்பெக்டர்கள் வந்து பார்த்து எழுதிய குறிப்புகள் அதில் இருக்கும். தலைமையாசிரியர் அறை அலமாரியின் அடித்தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போருக்கு முந்திய தாள்கள் பெரும்பாலும் கிடைக்கா. ஜப்பானியர் காலத்தில் போனவை பல. அது முடிந்த சில ஆண்டுகளில், 1948 ஜூன் 16 அன்று உங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில்தான் துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும் பள்ளிகள் இடம் மாறியபோதும் காகிதங்கள் தொலைந்தன. எழுத்துச் சான்று இல்லாதவர்களைப் பற்றி, அவர்களிடம் படித்து இன்று எண்பது வயதைக் கடந்தவர்களிடம் இப்போதே பேசிப் பதிவு செய்யுங்கள். யார் சொன்னது என்பதையும் குறியுங்கள்.

உயிரோடு இருக்கும் ஆசிரியர்களின் தரத்தையோ புள்ளியையோ அவர்களுடைய சம்மதம் இல்லாமல் அச்சிடாதீர்கள். அந்த 3.58 உட்பட. கடன் வாங்கிய சான்றிதழை அவர்கள் வீட்டிலேயே வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் லேமினேட் செய்து தர வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய காகிதத்திலிருந்து பிறகு பிரிக்க முடியாது.