சமூகவியலில் எல்லாம் புரிந்தும் மதிப்பெண் ஏன் வருவதில்லை?

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில் சமூகவியலை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். வகுப்பில் எல்லாம் புரிகிறது. வரையறைகளை மனப்பாடமும் செய்துவிட்டேன். ஆனால் கட்டுரைக் கேள்விகளில் பாதி மதிப்பெண்ணைத் தாண்ட முடியவில்லை. "பொதுவான கருத்து" என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதித் தருகிறார். எப்படிப் படிப்பது? மேற்படிப்புக்கு இந்தப் பாடம் உதவுமா?

பதில்: எல்லாம் புரிகிறது என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கணக்கில் புரியாதது உடனே தெரிந்துவிடும், விடை வராது. சமூகவியலோ குடும்பம், பள்ளி, மதம், குற்றம், வேலை என்று நமக்கு ஏற்கெனவே அபிப்பிராயம் உள்ள விஷயங்களைத்தான் பேசுகிறது. படித்து அறிந்தது எது, கேட்டு வளர்ந்தது எது என்பது தேர்வறையில் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. இந்தப் பாடத்தைப் படிக்காத ஒருவரும் இதே பத்தியை எழுதியிருக்க முடியும் என்பதைத்தான் உங்கள் ஆசிரியர் அந்த இரண்டு சொற்களில் சொல்கிறார்.

வரையறைகள் தேவைதான். ஆனால் இந்தப் பாடத்தின் உயிர், ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொன்னவர்களுக்கு இடையே நடக்கும் வாதத்தில் இருக்கிறது. அந்த வாதத்தில் யார் எதை வைத்துப் பேசினார்கள், யார் எங்கே சறுக்கினார்கள் என்று பின்தொடர்வதுதான் படிப்பு.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஏன் பின்தங்குகிறார்கள்? "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்பது பொதுவான கருத்து. சமூகத்தின் ஒவ்வொரு அமைப்பும் சமூகம் இயங்க உதவுகிறது என்று பார்ப்பது செயற்பாட்டியல். அந்த வழியில் வந்த அமெரிக்கச் சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ், பள்ளி எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்து, திறமைக்கேற்ற இடத்துக்கு அனுப்புகிறது என்று பார்த்தார். அமெரிக்க மார்க்சியர்களான போல்ஸும் கிண்டிஸும் 1976இல் இதை அப்படியே மறுத்தார்கள். மேலதிகாரிக்குப் பணிவது, மணி அடித்ததும் இடம் மாறுவது, வேலையில் நாட்டமில்லாவிட்டாலும் கூலிக்காகச் செய்வது ஆகிய தொழிற்சாலைப் பழக்கங்களைப் பள்ளியே முன்கூட்டிப் பயிற்றுவிக்கிறது என்றார்கள். பள்ளி மதிக்கும் பேச்சும் ரசனையும் வசதியான வீடுகளில் தானாகவே கிடைத்துவிடுகின்றன என்பது பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியூவின் விளக்கம். பண்பாட்டு மூலதனம் என்று நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது இதைத்தான்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் பால் வில்லிஸ். இங்கிலாந்தின் மத்தியப் பகுதித் தொழில்நகரம் ஒன்றில், தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் 12 பேரை அவர்களுடைய கடைசிப் பள்ளி நாட்களிலிருந்து வேலைக்குச் சேர்ந்த காலம் வரை கவனித்து, 1977இல் நூலாக வெளியிட்டார். அந்தப் பையன்கள் பணியவேயில்லை. ஆசிரியர்களைக் கேலி செய்தார்கள், ஒழுங்காகப் படித்த சக மாணவர்களை இகழ்ந்தார்கள். பள்ளி பணிவைக் கற்பிக்கிறது என்ற போல்ஸ், கிண்டிஸ் வாதம் இங்கே ஆட்டம் காண்கிறது. ஆனாலும், பள்ளியை எதிர்த்த அதே மனப்போக்குதான் அவர்களைத் தந்தையர் செய்த உடலுழைப்பு வேலைகளுக்கே கொண்டுசேர்த்தது. பள்ளி அவர்களை வெல்லவில்லை, அவர்களும் தப்பிக்கவில்லை.

வில்லிஸிடமும் ஓட்டை உண்டு. 12 பேரை வைத்து ஒரு வர்க்கத்தைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம்? பெண் பிள்ளைகள் எங்கே? இரண்டாவது கேள்வியைப் பெண்ணியவாதிகள் கேட்டார்கள். நீங்களும் கேட்க வேண்டும். மதிப்பெண் கிடைப்பது இங்கேதான். "மதிப்பிடுக" என்று கேள்வி வந்தால், நான்கு கோட்பாடுகளை நான்கு பத்திகளில் அடுக்கிவிட்டுக் கடைசியில் "இருப்பினும் இதற்கும் குறைகள் உண்டு" என்று முடிப்பவர்கள் ஏராளம். அது மதிப்பீடு ஆகாது. போல்ஸையும் கிண்டிஸையும் எழுதிய கையோடு வில்லிஸை அவர்கள் எதிரே நிறுத்துங்கள். யாருடைய சான்று வலுவானது, ஏன் என்று உங்கள் தீர்ப்பையும் சொல்லுங்கள்.

ஆகவே குறிப்பு எடுக்கும் முறையை மாற்றுங்கள். அத்தியாயத் தலைப்பை எழுதிச் சுருக்கம் எழுதுவதை விட்டுவிட்டு, பக்கத்தின் மேலே ஒரு கேள்வியை எழுதுங்கள். கீழே, விடை சொன்னவர், அவர் காட்டிய சான்று, அந்தச் சான்றை எப்படித் திரட்டினார், அதற்கு எழுந்த மறுப்பு. இவ்வளவு போதும். ஒரு தலைப்புக்கு நான்கைந்து ஆய்வுகளை இப்படி ஆழமாக அறிந்திருப்பது இருபது பெயர்களை உதிர்ப்பதைவிட மேல். ஆண்டு சரியாக நினைவில்லை என்றால் 1970களில் என்று எழுதினாலும் குடி முழுகாது.

"எப்படித் திரட்டினார்" என்பதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆய்வுமுறைகள் பகுதியைச் சலிப்பூட்டும் அத்தியாயமாக ஒதுக்கிவைப்பது பெரிய நஷ்டம். அதுதான் மற்ற எல்லா அத்தியாயங்களுக்கும் ஆயுதம் தருகிறது. தற்கொலை பற்றிப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்கைம் செய்த 1897ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு நல்ல பாடம். தனிமனிதத் துயரமாக மட்டுமே பார்க்கப்பட்ட ஒன்றை, அரசுப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, சமூகப் பிணைப்போடு அவர் தொடர்புபடுத்தினார். எழுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் அந்தப் புள்ளிவிவரத்தின் அடித்தளத்தையே கேள்விக்கு உள்ளாக்கினார்: ஒரு மரணத்தைத் தற்கொலை என்று பதிவதா, விபத்து என்று பதிவதா என்பதை முடிவு செய்பவர்கள் மனிதர்கள்தானே, நெருக்கமான குடும்பங்கள் உண்மையை மறைக்க முயலாவா? அரசு வெளியிடும் எண் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதை இந்த ஒரு விவாதமே கற்பித்துவிடும்.

நம்பகத்தன்மைக்கும் ஏற்புடைமைக்கும் உள்ள வேறுபாடு குழப்புகிறது என்றால், நீங்களே ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு வினாநிரலைத் தயாரித்து நண்பர்களிடம் கொடுத்துப் பாருங்கள். "ஒரு நாளில் எவ்வளவு நேரம் படிக்கிறாய்?" என்று கேளுங்கள். இரண்டு முறை கேட்டாலும் ஒரே பதில் வரலாம், அது நம்பகத்தன்மை. அந்தப் பதில் உண்மையா என்பது வேறு விஷயம், அதுதான் ஏற்புடைமை. உங்கள் நண்பர்களை உங்களுக்குத் தெரியும்.

சொந்த அனுபவத்தை விடையில் எழுதலாமா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கக்கூடும். சான்றாக எழுதாதீர்கள், கேள்வி கேட்பதற்கான இடமாக மட்டும் பயன்படுத்துங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ரைட் மில்ஸ் 1959இல் காட்டிய உதாரணம் இதற்கு உதவும். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலையில்லை என்றால் அது அவருடைய தனிப்பட்ட தொல்லை, அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். ஐந்து கோடித் தொழிலாளர்கள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால், அது ஒரு பொதுப் பிரச்சினை. உங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றி யோசிக்கும்போது, இது எத்தனை வீடுகளில் நடக்கிறது, எந்த வகை வீடுகளில் அதிகம் என்று கேட்டுப் பழகுங்கள்.

மேற்படிப்பைப் பொறுத்தவரை சட்டம், இதழியல், சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், கல்வியியல் ஆகியவற்றுக்கு இது நல்ல அடித்தளம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பொருளாதாரம் போன்ற துறைகள் பல இடங்களில் கணிதத்தை எதிர்பார்க்கும். சமூகவியலுக்காகக் கணிதத்தைக் கைவிடும் எண்ணம் இருந்தால், முதலில் நீங்கள் சேர விரும்பும் பட்டப்படிப்பின் சேர்க்கை விதிகளைப் படித்துவிடுங்கள். சமூகவியலையே தொடர்ந்து படிப்பதாக இருந்தாலும் புள்ளியியல் அங்கே காத்திருக்கிறது.

விடுமுறையில் ஒரு மூலநூலையாவது படித்துப் பார்க்க நினைத்தால் வில்லிஸிடமிருந்து தொடங்குங்கள். நூல் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பையன்களின் பேச்சு நிறைந்த முதல் பகுதி இப்போதே புரியும். கோட்பாட்டுப் பகுதியான இரண்டாவதைப் பட்டப்படிப்புக்கு ஒத்திவைக்கலாம்.