நகராட்சிப் பணம் எந்தெந்தக் கையெழுத்தைத் தாண்டி வெளியே போகிறது: கேள்வி பதில்

தமிழ்நாட்டு நகராட்சிகளில் 31 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பொறியியல் பிரிவில் எழுத்தர், அப்புறம் கணக்குப் பிரிவு, கடைசியில் மேலாளர். மன்றக் கூட்டத்துக்கான அஜெண்டா பல வருடம் என் மேஜையில் தயாரானது. சாலை, வடிகால், டெண்டர், பில் பற்றி என்ன கேட்டாலும் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

வார்டு 11 குடியிருப்பவர்: எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் சாலை போட "ஒப்புதல் ஆகிவிட்டது" என்று கவுன்சிலர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. ஒரு ஜல்லிகூட வந்து இறங்கவில்லை. ஒப்புதல் என்றால் என்னதான் அர்த்தம், மேடம்?

கவுன்சிலர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியிருக்கும். ஆனால் அது நடுவில் வரும் ஒரு படிதான்.

முதலில் உதவிப் பொறியாளரோ பணி மேற்பார்வையாளரோ தெருவை அளந்து மதிப்பீடு போடுகிறார். பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்த மதிப்பீடு அலுவலகக் குறிப்போடு மன்றத்துக்குப் போகும். மன்றம் தருவது நிர்வாக அனுமதி, அதாவது "இந்த வேலையை இவ்வளவு செலவில் செய்யலாம்" என்ற சம்மதம். அதன் பிறகு தொழில்நுட்ப அனுமதி, அதாவது மதிப்பீடு சரி என்ற பொறியாளரின் சம்மதம், வேண்டும். தொகை சிறியதாக இருந்தால் நகராட்சிப் பொறியாளர் மட்டத்திலேயே முடியும். பெரியதாக இருந்தால் மண்டலத்துக்கும், சில சமயம் சென்னையில் நகராட்சி நிர்வாக இயக்குநர் அலுவலகத்துக்கும் கோப்பு போகும். பிறகுதான் டெண்டர், டெண்டர் ஏற்பு, ஒப்பந்தப் பத்திரம், பணி ஆணை. பணி ஆணை கையில் வந்த பிறகுதான் ஒப்பந்ததாரர் ஜல்லி இறக்குவார்.

அதனால் "ஒப்புதல் ஆச்சா?" என்று கேட்காதீர்கள். "தீர்மான எண் என்ன, தேதி என்ன, கோப்பு இப்போது எந்தப் படியில் நிற்கிறது?" என்று கேளுங்கள். எண்ணோடு கேட்பவருக்கு மழுப்பலாகப் பதில் சொல்வது கஷ்டம். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி: டெண்டரை ஏற்பது பற்றி முடிவெடுக்க ஒப்பந்தக் குழு என்று ஒன்று இருக்கிறதாமே. அதில் யார் யார் இருப்பார்கள்?

நகராட்சியில் மூன்று பேர்: நகர்மன்றத் தலைவர், ஆணையர், கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஒரு உறுப்பினர். 2022 பிப்ரவரி தேர்தல் முடிந்த பிறகு தலைவர், துணைத் தலைவர் தேர்தலோடு நிற்காமல் ஒப்பந்தக் குழு, நியமனக் குழு, வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு ஆகியவற்றுக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் பதவிக்கு நடக்கும் அடிதடி ஊருக்கே தெரியும். ஒப்பந்தக் குழுவின் அந்த ஒரே நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பது பல ஊர்களில் யாருக்கும் தெரியாது. உங்கள் ஊரில் யார் என்று விசாரித்துப் பாருங்கள், மா.

புது கவுன்சிலர்: அக்கா, நான் பெண்கள் ஒதுக்கீட்டு வார்டில் ஜெயித்து வந்தவள். அஜெண்டா கட்டு வீட்டுக்கு வரும், அதில் ஐம்பது அறுபது பொருள் இருக்கும். கூட்டத்தில் எழுத்தர் எண்ணை மட்டும் வாசிப்பார், எல்லாரும் "ஆல் பாஸ்" என்று சொல்லிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்காகவே இதற்கு உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

கட்டு வந்த அன்று இரவே நீங்களே பிரியுங்கள். வீட்டில் வேறு யாரும் பிரித்துப் படித்து உங்களிடம் சுருக்கம் சொல்ல வேண்டாம். கையெழுத்து உங்களுடையது, நாளை தணிக்கை வந்தாலும் பதிவில் இருப்பது உங்கள் பெயர். அறுபது பொருளையும் ஒரே மாதிரி படிக்கத் தேவையில்லை. பிறப்பு இறப்புப் புள்ளிவிவரம், வந்த சுற்றறிக்கையைப் பதிவு செய்வது போன்றவற்றைப் பார்வை ஓட்டிவிட்டுத் தள்ளுங்கள். தொகை போட்ட பொருள்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்த ஒவ்வொன்றிலும் முதலில் எந்த நிதியிலிருந்து செலவு என்ற வரியைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் அதுவே உங்கள் முதல் கேள்வி. அடுத்து, வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். "வார்டு 7-ல் வடிகால் அமைத்தல்" என்று மட்டும் இருந்தால் போதாது, எந்த வீட்டிலிருந்து எந்த வாய்க்கால் வரை என்று இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரே தெருவில் ஒரே மாதிரி வேலை இரண்டு மூன்று பொருளாகப் பிரிந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாகக் காட்டினால் மேலிடத்துக்குப் போக வேண்டிய தொகையைத் துண்டு போட்டு உள்ளூரிலேயே முடிப்பது பழைய வழக்கம். தணிக்கையில் அடிக்கடி மாட்டுவதும் அதுதான்.

கடைசியாக "பின்னேற்பு" என்ற சொல். அது இருந்தால் வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது, உங்களிடம் சம்மதம் மட்டும் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

என் மனதில் இன்னும் உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் வடிகால் மதிப்பீடு ஒன்று வந்தது. அளவு, விலை, கூட்டல் எல்லாம் சரி. ஆனால் வடிகால் பிரதான வாய்க்காலைத் தொடுவதற்கு நாற்பது மீட்டர் முன்பே நின்றது. குறிப்பைத் தட்டச்சு செய்த எனக்கும் தோன்றவில்லை, மன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆல் பாஸ். இரண்டு மழைக்காலம் அந்தத் தெருவின் சாக்கடை கடைசி ஆறு வீடுகளுக்குள் போனது. டெண்டரில் ஒரு ரூபாய் முறைகேடு கிடையாது. தவறு முழுக்க மதிப்பீட்டில் இருந்தது. அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

ஆகவே கூட்டத்துக்கு முந்தின நாள் பொறியியல் பிரிவுக்குப் போய் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தெருவில் நடந்தும் பாருங்கள். கூட்டத்தில் திருப்தி இல்லையென்றால் "இந்தப் பொருளை ஒத்திவைக்க வேண்டும், என் ஆட்சேபணையைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்கும். அடுத்த கூட்டத்தில் உங்கள் வார்டுப் பொருளை எழுதும்போது அலுவலகம் இன்னும் கவனமாக எழுதும்.

கடைக்காரர்: குப்பை வண்டிக்கு டீசல் போடப் பணம் இல்லை என்கிறார்கள். அதே மாதம் புதுப் பூங்காவுக்குப் பூமி பூஜை. இது என்ன நியாயம்?

கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு பை. நகராட்சியின் சொந்தக் கணக்கே வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று பிரிந்திருக்கிறது. நீங்கள் கட்டும் சொத்து வரியோடு வசூலாகும் கல்வி வரியை எடுத்துச் சாலை போட முடியாது. நூலக வரியை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

வெளியிலிருந்து வரும் பணத்துக்கு இன்னும் இறுக்கமான கட்டு. மத்திய 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குச் சிறு நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுப்பட்டது. மீதி 40 சதவீதத்தைச் சம்பளத்துக்குத் தொடக் கூடாது. மத்திய அரசின் அம்ருத், மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் வரும் பணம் அந்தந்த வேலைக்கு மட்டும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் வரும் வேலைக்கு நிர்வாக அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர். பூங்காவுக்கு வந்த பணத்தில் டீசல் போட்டால் ஆணையர் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பூங்கா கட்டி முடித்த பிறகு காவலாளி சம்பளமும் தண்ணீரும் எந்த நிதியில்? அது டீசலுக்கு ஆகும் அதே வருவாய் நிதிதான். பூட்டிக் கிடக்கும் பூங்காக்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் பூட்டிக் கிடக்கின்றன.

சிறு ஒப்பந்ததாரர்: டெண்டர் அறிவிப்பு வந்ததே தெரியாமல் முடிந்துவிடுகிறது. ஒருமுறை நான்தான் எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்), ஆனாலும் வேறொருவருக்குப் போனது. வழி உண்டா, மேடம்?

உண்டு. 1998-ஆம் வருடத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் வருடத்து விதிகளும்தான் உங்கள் கையிலுள்ள ஆயுதம். 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதைக் குறைப்பதென்றால் டெண்டர் கேட்கும் அதிகாரிக்கு மேலுள்ளவர் காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். அந்தக் காரணம் எழுதிய தாளைக் கேளுங்கள். மாநில, மாவட்ட டெண்டர் இதழ்களையும் அரசின் மின்-டெண்டர் தளத்தையும் வாரம் தவறாமல் பாருங்கள்.

எல்-1 விஷயத்தில், தகுதியுள்ள டெண்டர்களை மதிப்பிட்டுப் பார்த்ததில் எது குறைவோ அதைத்தான் ஏற்க வேண்டும். விலை பேசுவதென்றால் அப்படிக் குறைவாகக் கேட்டவரிடம் மட்டும்தான் பேசலாம். உங்கள் தகுதி ஆவணத்தில் குறை சொல்லி நீக்கியிருந்தால் அது என்ன குறை என்று எழுத்தில் வாங்குங்கள். ஏற்பு உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். பலர் அந்தப் பத்து நாளை ஆள் பிடிப்பதில் கழித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தம்பி. வேலையைப் பிடிக்க மதிப்பீட்டுக்கு மிகக் கீழே கேட்காதீர்கள். கூடுதல் வைப்புத்தொகை கேட்பார்கள், கடைசியில் சிமெண்டில் கை வைக்க வேண்டிவரும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் எங்கள் வீட்டு வாசல் பள்ளமாகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. யாரைக் கேட்பது, அம்மா?

ஐயா, பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்கு போட வேண்டும், வீட்டு மட்டத்தை விடச் சாலை உயரக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் உத்தரவு அனுப்பினார். வேலை தொடங்கும் அன்றே மதிப்பீட்டில் "சுரண்டி எடுத்தல்" என்ற இனம் (அதாவது அந்த வேலைக்கான தனி வரி) இருக்கிறதா என்று கேளுங்கள். இனம் இருந்தும் செய்யவில்லை என்றால், செய்யாத வேலைக்குப் பில் போகப் போகிறது என்று அர்த்தம்.

அளவுப் புத்தகம், அலுவலகத்தில் எம் புக் என்போம், அதுதான் எல்லாவற்றுக்கும் சாட்சி. நீளம், அகலம், கனம் அதில் ஏறினால்தான் பில். 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், அதே சட்டத்தில் நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. ஆங்கில மூலத்தில் அது பிரிவு 2(j). "தகவல் அறியும் உரிமை" என்ற சொல்லுக்கான விளக்கத்தின் கீழ் என்று குறிப்பிட்டால் போதும்.

வார்டு 3 இளைஞர்: அவசரம் என்று சொல்லி டெண்டரே இல்லாமல் வேலை கொடுக்கிறார்களே, சரியா?

சில சமயம் சரி. கோடையில் குடிநீர் மோட்டார் எரிந்துபோனால் அடுத்த மன்றக் கூட்டம் வரை ஊர் தாகத்தோடு காத்திருக்க முடியாது. தலைவரின் முன் அனுமதி பெற்று வேலையை முடித்துவிட்டு மன்றத்தின் பின்னேற்புக்கு வைப்பார்கள். டெண்டர் சட்டமே இயற்கைப் பேரிடர் போன்ற நிலைமைக்கு விலக்கு தருகிறது. ஆனால் பேருந்து நிலையத்துக்கு வெள்ளையடிப்பது அவசரம் அல்ல. வருடா வருடம் தெரிந்தே வரும் வடகிழக்குப் பருவமழைக்கு அக்டோபரில் "அவசரமாக" வாய்க்கால் தூர்வாருவதும் என் கணக்கில் அவசரம் அல்ல. ஜூனில் டெண்டர் விட்டிருக்க வேண்டும்.

பெயர் சொல்லாதவர்: நமக்கு நாமே திட்டத்தில் சேர எவ்வளவு கட்ட வேண்டும்?

பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. கட்டுவதற்கு முன் மதிப்பீட்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

வார்டு 3 இளைஞர் மறுபடியும்: மன்றக் கூட்டத்தில் நாங்கள் உட்காரலாமா? முறைகேடு கண்டால் எங்கே போவது?

பார்வையாளராக உட்காரலாம், பேச முடியாது. பேசுவதற்கு உங்களுக்கென்று உள்ள இடம் பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் முதலமைச்சரே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து அதைத் தொடங்கிவைத்தார். உங்கள் பகுதியில் கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள்.

முறைகேடு என்றால், கணக்கு சம்பந்தப்பட்டதற்கு உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சந்தேகம் அதில் தணிக்கைத் தடையாக, அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபணையாக, ஏற்கெனவே இருக்கலாம். நிர்வாக முறைகேட்டுக்கு உள்ளாட்சி முறைமன்ற நடுவம், லஞ்சம் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. எங்கே போனாலும் தீர்மான எண்ணும் எம் புக் நகலும் கையில் இருக்கட்டும்.

பூ விற்கும் அம்மா (மகள் எழுதியது): பேருந்து நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம். நாங்கள் கேட்டால் நடக்குமா?

நடக்க வேண்டும், அம்மா. புதிதாகக் கட்டச் சொல்லி மனு எழுத வேண்டாம். அது மதிப்பீடு, டெண்டர் என்று ஒரு வருடம் ஓடும். இருப்பதைத் திறக்கச் சொல்லி எழுதுங்கள். கட்டணக் கழிப்பறையாக ஏலம் விட்டிருந்தால் ஒப்பந்த நிபந்தனையில் திறந்திருக்கும் நேரம் இருக்கும், திறக்காவிட்டால் என்ன நடவடிக்கை என்றும் இருக்கும். அந்த நிபந்தனையைக் காட்டச் சொல்லி ஆணையருக்கு ஒரு மனு, உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல். நிலையத்தில் கடை வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த நகலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் மகளை, அடுத்த மனுவை நானே எழுதித் தருகிறேன்.