கென்டூ லினக்ஸில் எதையும் உடைக்காமல் பொதிகளைப் புதுப்பிப்பது எப்படி?

பல மாதங்களாகப் புதுப்பிக்காமல் விட்ட கென்டூவில் (மென்பொருள் பொதிகளை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கட்டிக்கொள்ளும் லினக்ஸ் வகை) கைவைக்கத் தயங்குவதாகவும், கம்பைல் (மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் வேலை) நடக்கும்போது மின்சாரம் போனால் கணினியே படுத்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது ஒரே கணினி, அன்றாட வேலையும் அதில்தான் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அந்த அச்சத்தில் பாதி தேவையற்றது. கென்டூவின் பொதி மேலாளரான போர்டேஜ் ஒரு பொதியைத் தற்காலிக அடைவு ஒன்றில் கம்பைல் செய்து, அங்கேயே முழுமையாக அடுக்கி வைத்துக்கொண்ட பிறகுதான் கணினியின் உண்மையான இடங்களுக்கு நகர்த்துகிறது. ஜிசிசி (கம்பைலர்) மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நேரம்தான் வீணாகும். கணினி பழையபடியே எழுந்து நிற்கும். ஆபத்து இருப்பது இறுதியில் கோப்புகள் நகரும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டுமே. ஆகவே கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் இரு வேறு வேலைகளாகப் பிரித்துவிடுங்கள் என்பதே என் பதில்.

நான் இருப்பது கோத்தகிரி. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் சில்வர் ஓக் மரம் ஒன்று மின்கம்பியில் சாய்ந்தால், அன்றைக்கு மின்சாரம் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையின் எடைக் கணக்குக் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். அது பழைய கணினி. இலை வரும் நேரத்தில் நின்றுவிட்டால் எடை போட வந்தவர்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். எனவே அதில் எதையும் கம்பைல் செய்வதில்லை. வீட்டில் உள்ள வேகமான கணினியில், போர்டேஜின் அமைப்புக் கோப்பிலுள்ள 'ஃபீச்சர்ஸ்' வரியில் 'பில்ட்பிகேஜி' என்று சேர்த்திருக்கிறேன். கம்பைல் ஆகும் ஒவ்வொன்றும் இருமப் பொதியாகவும் (முன்பே கம்பைல் ஆகி, நேரே நிறுவக்கூடிய பொதி) சேமிக்கப்படும். தொழிற்சாலைக் கணினி அவற்றை மட்டும் எடுத்து நிறுவிக்கொள்ளும். பொதியில் எந்த வசதிகள் வேண்டும் என்று சொல்லும் யூஸ் கொடிகள் இரு கணினிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் 'மார்ச்=நேட்டிவ்' (கம்பைல் செய்யும் கணினியின் செயலிக்கேற்பவே கட்டும் தெரிவு) என்று விட்டுவிட்டால் புதிய செயலிக்கே உரிய கட்டளைகள் புகுந்து, பழைய கணினியில் நிரல்கள் தொடங்கியவுடனே செத்துவிடும்; ஆகையால் இரண்டுக்கும் பொதுவான எக்ஸ்86-64-வி2 என்ற செயலிக் கட்டளை மட்டத்தை வைத்திருக்கிறேன்.

'இருமப் பொதி வேண்டுமென்றால் டெபியன் (ஆயத்தப் பொதிகளைத் தரும் இன்னொரு லினக்ஸ்) போட வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. கென்டூ திட்டமே 2023 டிசம்பர் இறுதியிலிருந்து ஏஎம்டி64, ஏஆர்எம்64 என்ற இரு செயலி வகைகளுக்கும் இருமப் பொதிகளைப் பெரிய அளவில் வழங்குகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். உங்களைப் போல ஒரே கணினி வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை.

நிறுவும் வேளைக்கு யுபிஎஸ் முழுதாக மின்னேறியிருப்பது நல்லது. இதில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு: பேட்டரியை விற்றபோது வீடு தேடி வந்த கடைக்காரர், அது உத்தரவாதக் காலத்திற்குள்ளேயே கெட்டதும் 'மலைக்கு மேலே ஆள் அனுப்ப முடியாது, மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுவாருங்கள்' என்றார். அவ்வளவு எடையுள்ள பேட்டரியைக் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் ஏற்றிச் செல்வது எப்படி என்பதை உத்தரவாத அட்டையில் அச்சிட்டிருக்கலாம்.

புதுப்பிக்கும் முன் இசெலக்ட் கட்டளை காட்டும் கென்டூ செய்திகளைப் படியுங்கள். பலர் தாண்டிப் போவது இதைத்தான். 2024 மார்ச்சில் 23.0 புரொஃபைல் (அமைப்பின் அடிப்படைத் தெரிவுகளின் தொகுப்பு) வந்தபோது பின்யூட்டில்ஸ் (கம்பைலுக்கு உதவும் கருவிகள்), ஜிசிசி, ஜிலிப்சி (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்) என்ற வரிசையில் முதலில் கட்டி, பிறகு எல்லாப் பொதிகளையும் மறுபடி கட்டுமாறு அங்கேதான் சொல்லியிருந்தார்கள். அடுத்து, மூலநிரல்களை மட்டும் முதலில் இறக்கி வையுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் கம்பைல் வேலைகளின் எண்ணிக்கையை, ஒன்றுக்கு 2 ஜிபி நினைவகம் என்ற கணக்கில் கட்டுப்படுத்துங்கள். குரோமியம் உலாவி போன்றவை கம்பைலின்போது நினைவகம் போதாமல் சாவதைப் பலர் பொதியின் பிழை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருந்தால் நிறுவும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். ஜிலிப்சியைப் பழைய பதிப்புக்கு இறக்கப் போர்டேஜ் அனுமதிக்காது என்பதால், அதற்குப் பின்வாங்கும் வழி ஸ்னாப்ஷாட்தான். ஆனால் பூட் பகிர்வு (கெர்னல் இருக்கும் வட்டுப் பகுதி) தனியாக இருந்தால் ஸ்னாப்ஷாட்டில் அது சேராது. பழைய கெர்னலையும் அதன் மாட்யூல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். முடிந்ததும் அமைப்புக் கோப்புகளின் மாற்றங்களைக் காட்டும் டிஸ்பேட்ச்-கான்ஃப் கருவி கேட்கும் ஒவ்வொரு அமைப்புக் கோப்பையும் வாசித்துப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். தேவையற்ற பொதிகளை நீக்கும் டெப்கிளீனை, கணினியை மறுதொடக்கம் செய்து எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகே, அதுவும் முன்னோட்டமாகப் பட்டியலைப் பார்த்துவிட்டே இயக்குங்கள்.

உங்கள் தாமதம் ஓராண்டைத் தாண்டியிருந்தால், பொதிகள் ஒன்றையொன்று தடுத்து, போர்டேஜின் கட்டளையான எமர்ஜ் நகர மறுக்கக்கூடும். அப்போது புதிய ஸ்டேஜ்3 (கென்டூவின் ஆயத்த அடிப்படை அமைப்புக் கோப்புத் தொகுப்பு) ஒன்றைத் தனி அடைவில் விரித்து, அதற்குள் சிஹெச்ரூட் செய்து (அந்த அடைவையே தனி அமைப்பாகக் கொண்டு நுழைந்து) தேவையான இருமப் பொதிகளைக் கட்டிக்கொண்டு, அவற்றைப் பழைய அமைப்பில் நிறுவலாம். எந்தப் பொதியில் முட்டி நிற்கிறது என்று எழுதினால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.