வாசகர் கேள்வி: கவிதை நூல் வெளியீட்டு மாலை

கேள்வி: என் முதல் கவிதைத் தொகுப்பைச் சனிக்கிழமை மாலை வெளியிடுகிறேன். அரங்கம் 5.30 முதல் 8 மணி வரை கிடைத்திருக்கிறது. வாழ்த்துரை வழங்க ஆறு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நிகழ்ச்சியை எப்படி அமைக்கலாம்?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஆறு வாழ்த்துரை வைத்தால் கவிதைக்கு இடமிருக்காது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லியிருப்பீர்கள். மேடையில் அது பத்தாகும், ஒரு மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். நாற்காலி போட, ஒலிபெருக்கி பார்க்க முன்னால் அரைமணி, அரங்கைக் காலி செய்யப் பின்னால் அரைமணி கழித்தால் உங்கள் கையில் இருப்பது 90 நிமிடம்.

அதில் 40 நிமிடத்தை வாசிப்புக்கு என்று முதலில் எழுதி வையுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்தும் வரவேற்பும் 8, ஒரே ஒரு வாழ்த்துரை 5, நூல் அறிமுகம் 12, வெளியீடு 5, ஏற்புரை 5. மீதி 15 நிமிடத்தைத் தொடாதீர்கள். சிறப்பு விருந்தினர் எம்ஆர்டி ரயிலில் மாட்டிக்கொண்டால் அதுதான் கைகொடுக்கும்.

மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கவிதையை இரண்டு வாரம் முன்பே அனுப்பி, மேடையில் வாசிக்கச் சொல்லுங்கள். வாழ்த்துரையைவிட அது பெரிய மரியாதை. அவர்களுக்கு மும்மூன்று நிமிடம் போக உங்களுக்கு 25 நிமிடம் இருக்கும். இருபது வரிக் கவிதையை நிதானமாக வாசித்து, மூச்சு வாங்கிப் பக்கம் புரட்ட இரண்டு நிமிடம் ஆகும். ஆக, பன்னிரண்டு கவிதை. அதையும் இரண்டாகப் பிரித்து, பாதியை நூல் அறிமுகத்துக்கு முன்பே வாசித்துவிடுங்கள். அறிமுகவுரை பேசுபவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது அவைக்கு அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து நூல் கொடுக்கும் வழக்கம் அன்பானதுதான். ஆனால் 25 பேர், ஆளுக்கு முக்கால் நிமிடம் என்றால்கூட 19 நிமிடம் ஓடிவிடும். ஐந்தைந்து பேராக அழையுங்கள், அல்லது கடைசியில் வையுங்கள்.

தேதியும் முக்கியம். ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ் மொழி விழா நடப்பதால் ஒரே மாலையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் மோதும். ரமலான் நோன்பு மாதமென்றால், நோன்பு திறக்கும் நேரமான சூரிய மறைவு இங்கே ஏறத்தாழ 7 மணிக்கு என்பதால் பிற்பகலுக்கு மாற்றுவதே முறை.

கேள்வி: மேடையில் வாசித்தால் குரல் தட்டையாகிவிடுகிறது. ஒலிபெருக்கியும் ‘படார்’ என்று வெடிக்கிறது.
- ஈசூன் வாசகி

பதில்: வெடிப்பது ‘ப’ ஒலி. உதடு திறக்கும்போது வரும் காற்று நேராக மைக்கில் மோதுகிறது. வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு கையகலம் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள்.

குரல் தட்டையாவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். கைப்பேசியில் பார்த்து வாசிக்காதீர்கள், திரை அணையும், வரி நழுவும். 16 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். ஒரு கண்ணி இரண்டு தாளில் உடையக் கூடாது. மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். அது எப்போதும் வரி முடியும் இடமாக இருக்காது. ‘மலர்ந்த’ என்று ஒரு வரி முடிந்து ‘முகம்’ அடுத்த வரியில் இருந்தால், நொடிநேரம் தயங்குங்கள், மூச்சை விடாதீர்கள். ல, ள, ழ வரும் சொற்களை முந்தைய நாளே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் அச்சிட்டு 200 பிரதி கொண்டுவர நினைக்கிறேன். சரியா?
- ஜூரோங் வாசகர்

பதில்: டெமி எனப்படும் வழக்கமான நூல் அளவு, 112 பக்கம், 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் என்றால் அட்டையோடு ஒரு பிரதி சுமார் 150 கிராம் வரும். 200 பிரதி 30 கிலோ. விற்பனைக்கான சரக்கு என்பதால் பயணிகளுக்கான வரிச்சலுகை இதற்குப் பொருந்தாது. நூல் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்து அதன்மேல் சிங்கப்பூரின் 9 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) கணக்கிடுங்கள். அறுபது பேர் வரும் மாலைக்கு 80 பிரதி மேசையில் இருந்தால் போதும்.

நூலைச் சிங்கப்பூரில் நீங்களே பதிப்பிப்பதாக இருந்தால், அட்டையை அச்சுக்கு அனுப்புமுன் தேசிய நூலக வாரியத்திடம் ஐஎஸ்பிஎன் எனப்படும் நூல் அடையாள எண் வாங்கிவிடுங்கள். வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டப்படி உங்கள் கடமை.

கேள்வி: திரையில் காட்டிய கவிதை கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஏன்?
- பிடோக் வாசகர்

பதில்: உங்கள் எழுத்துரு அரங்கின் கணினியில் இல்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். ஒரு திரைக்கு எட்டு வரிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: தமிழ் தெரியாத நண்பர்களும் வருகிறார்கள். மொழிபெயர்ப்பையும் வாசிக்கலாமா?
- தெம்பனிஸ் வாசகி

பதில்: எல்லாவற்றையும் இரு மொழியில் வாசித்தால் நேரம் இரட்டிப்பாகும், அவை சோரும். மூன்று கவிதைகளை மட்டும் தேர்ந்து ஆங்கில வடிவத்தைத் தாளில் அச்சிட்டு வாசலில் கொடுங்கள். தமிழில் வாசிக்கும்போது அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கேட்பார்கள். கையெழுத்து வாங்க வரும்போது மட்டும், தமிழரோ பிறரோ, பெயரைத் துண்டுத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ன’வா ‘ண’வா என்று கேட்டு நின்றால் வரிசை நகராது.