முதல் இன்டர்னல் தேர்வுக்குப் பிந்தைய வாரங்கள்

பொறியியல் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்கள், அதிலும் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள், கல்லூரிச் சூழலுக்குப் பழகிக்கொள்ள மற்றவர்கள் எவ்வாறு உதவலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

புதிய மாணவர்களுக்காக மூன்று வார அறிமுகப் பயிற்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்துள்ளது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வாரங்களில் பெரும்பாலான மாணவர்கள் உற்சாகமாகவே இருக்கிறார்கள். பாடச்சுமை அப்போது தொடங்கியிருக்காது. பிளஸ் டூவில் 600க்கு 550 எடுத்த மாணவர், பருவத்தின் இடையே கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வராத விடைத்தாளைக் கையில் வாங்கும் நாளில்தான் உடைந்துபோகிறார். அதுவரை அவரைச் சுற்றி இருந்த வரவேற்பும் அறிவுரைகளும் அந்நேரம் ஓய்ந்துவிட்டிருக்கும். நம் உதவி அங்கே தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு மாணவர் பல வாரங்கள் என் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. பாடம் புரியவில்லை போலும் என்று நானும் தவறாகவே எண்ணியிருந்தேன். ஒருநாள் கரும்பலகையில் 'டெரிவேட்டிவ்' என்று எழுதி, அதன் கீழே 'வகைக்கெழு' என்றும் எழுதியபோது, அவர் தலைநிமிர்ந்து, "சார், இதைத்தான் இத்தனை நாளாச் சொல்றீங்களா?" என்று கேட்டார். பள்ளியில் நூற்றுக்கணக்கான கணக்குகளில் போட்டுப் பழகிய ஒன்றை, பெயர் மாறியதால், முற்றிலும் புதிய பாடம் என்று அவர் நம்பியிருந்தார். அன்று முதல் ஒவ்வொரு பாடத் தொடக்கத்திலும் டிடர்மினண்ட் என்றால் அணிக்கோவை, ரேங்க் என்றால் அணியின் தரம், இன்டகிரேஷன் என்றால் தொகையிடல் என்று இரு மொழிச் சொற்களையும் அருகருகே எழுதிப் போடுகிறேன். ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்த வேலையை இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களும் செய்தால், தமிழ்வழி மாணவர்களின் தயக்கத்தில் பெரும்பகுதி முதல் பருவத்திலேயே நீங்கிவிடும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. ஆகவே பலருக்குக் கட்டணத்தைவிட, தெரியாததை யாரிடம் கேட்பது என்பதே பெரிய கவலையாக இருக்கிறது.

இங்கே மூத்த மாணவர்களின் பங்கு ஆசிரியரின் பங்கைவிடப் பெரியது. முதல் பருவத்தில் அரியர் வைத்து, பின்னர் அதை எழுதித் தேறிய இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் உடன் அமர்ந்து, எழுத்துத் தாள்களில் இன்டர்னலுக்கு 40 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண் என்ற கணக்கையும், அரியர் வந்தால் மீண்டும் எழுதும் வழியையும் விளக்கினால், நான் பத்து முறை சொல்வதைவிட அது ஆழமாகப் பதிகிறது. மூத்தவர் என்றாலே ராகிங் என்று அஞ்சும் பெற்றோர், அதைத் தடை செய்யும் சட்டம் 1997 முதல் தமிழ்நாட்டில் இருப்பதையும், தொல்லை நேர்ந்தால் உடனே புகார் தர வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருக்கட்டும். அந்த அச்சத்தால் நல்ல அண்ணன், அக்காக்களின் துணையைப் பிள்ளைகள் இழந்துவிடக் கூடாது.

வகுப்பு ஆலோசகராக இருப்பவர்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர் வகுப்புகள் தொடங்கிய பின்னும் திரும்பவில்லை என்றால், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து பெற்றோரை வரவழைக்காதீர்கள். மூன்றாம் நாளே அந்த மாணவரை அழைத்து, வருகைப்பதிவைப் பற்றிப் பேசாமல், "எப்போது வருகிறாய்? உனக்காக நோட்ஸ் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்படி அழைத்த பிறகு, மறுநாள் காலைப் பேருந்திலேயே கிளம்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.